அடுத்த குழாய் எங்கிருந்து என்று கேட்காதீர்கள்

‘சென்னைக்கென்று வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்ப முடியாது. ஊரோ பெருகிக்கொண்டே போகிறது. ஆகவே தண்ணீரை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வெளியிலும் கிடைக்காவிட்டால் கடலைத்தான் குடிக்க வேண்டும்.’

முப்பது ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். அரசு மேடைகளில் கேட்டிருக்கிறேன், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டிருக்கிறேன். 2019 ஜூனில் எங்கள் தெருவுக்கு நள்ளிரவில் வரவிருந்த தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். ஆட்சிகள் மாறின, இந்தப் பேச்சு மாறவில்லை. பொறியாளரும் அரசியல்வாதியும் குடத்தோடு நிற்பவரும் ஒரே குரலில் சொல்லும் ஒன்றை மறுப்பது எளிதல்ல. ஆனாலும் மறுத்தாக வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்த ஊரும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களும் எதைக் குடிக்கும் என்பதை இந்தப் பேச்சுதான் தீர்மானிக்கப் போகிறது.

முதல் மூன்று வாக்கியங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் மழைக்கால ஆறுகள்தான். வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் கைவிட்டுவிடும். ஊர் வளர்வதும் உண்மை. நான் மறுப்பது அந்த ‘ஆகவே’யை. அந்த ஒரு சொல்லுக்குள்தான் இரண்டரை நூற்றாண்டுத் தவறு உட்கார்ந்திருக்கிறது.

சென்னை தண்ணீருக்காகக் கை நீட்டிய தூரங்களை வரிசையாகப் பாருங்கள். 1772-இல் கோட்டைக்கு ஏழு கிணற்றிலிருந்து தண்ணீர் போயிற்று. நடந்து போகிற தூரம். நூறு ஆண்டு கழித்து, 1872-இல், சோழவரமும் செங்குன்றமும் வந்தன. 1944-இல் பூண்டி. அந்த நீர்த்தேக்கத்துக்காக உழைத்த மேயர் சத்தியமூர்த்தி அது திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறகு கிருஷ்ணா, பிறகு வீராணம், 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல். ஒவ்வொரு முறையும் ‘இதோடு பஞ்சம் தீர்ந்தது’ என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிய குழாய் வந்தவுடன் பழைய நீர்நிலையைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. அதற்கடுத்த பஞ்சத்தில் இன்னும் தூரம் போனோம்.

கிருஷ்ணா தண்ணீர் வந்த கதையைத் திட்டமிடுவோர் தினமும் ஒருமுறை படிக்க வேண்டும். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கனஅடி) விட்டுத்தர ஒப்புக்கொண்டன. 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் செய்தார்கள். வழியில் ஆவியாவது போக 12 டிஎம்சி தமிழக எல்லைக்கு வந்து சேர வேண்டும். பூண்டிக்கு முதல் தண்ணீர் வந்தது 1996-இல். ஒப்புதலுக்கும் முதல் சொட்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள்! வந்த பிறகாவது நிறைந்ததா? ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து எல்லை வரை மட்டும் 152 கிலோமீட்டர் கால்வாய். கரை சரிந்தது, மண் அடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை முன்வந்து சீரமைத்துத் தர வேண்டியிருந்தது. ஒப்பந்தம் சொன்ன 12 டிஎம்சி ஓர் ஆண்டில்கூட முழுதாக வந்து சேரவில்லை. இதற்காக ஆந்திர விவசாயியை ஏச எனக்கு மனம் வராது. தன் வயல் காய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடும் கால்வாயில் மோட்டார் போடாத விவசாயி எந்த ஊரில் இருக்கிறார்? அவருக்கு மழை பொய்க்கும் ஆண்டில்தான் பெரும்பாலும் நமக்கும் பொய்க்கிறது. தூரத்துத் தண்ணீரின் அடிப்படைக் கோளாறு இதுதான். அது தேவைப்படும் நேரத்தில், அதை வைத்திருப்பவருக்கும் தேவைப்படுகிறது.

வீராணமும் அப்படியே. 1960-களின் இறுதியில் தொடங்கிய முதல் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்தன. ஒருவழியாக 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் யாருடையது? கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வரும் காவிரித் தண்ணீர். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்தின் கடைமடை வயல்களுக்கு உரியது. அவர்கள் நெல்லுக்கும் நம் குளியலுக்கும் ஒரே மதகு. சென்னைக்குக் கொடுப்பதை மறுத்து அவர்கள் கதவை அடைக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நிரந்தர உரிமையாகக் கணக்கில் எழுதிக்கொண்டு மேலும் இருபது ஆண்டுகளுக்குத் திட்டம் போடுவது நியாயமில்லை.

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. மாலை போட்டு வரவேற்றோம். அந்த ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அப்போது, வெட்டிச் சுருக்கிய நிலையில்கூட, நகருக்கு நாளொன்றுக்கு விநியோகித்த அளவு 52 கோடி லிட்டருக்கு மேல். இருநூற்றில் ஒரு பங்கு. அதற்கே வேலூர் மாவட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கேயும் பல ஊர்களில் குடம் காலியாகத்தான் இருந்தது.

அதே கோடையில் யாரும் கொண்டாடாத இன்னொரு காரியமும் நடந்தது. மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தில் கல் வெட்டி எடுத்து முடிந்த குவாரிப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 2017-இலும் 2019-இலும் அதை எடுத்துச் சுத்திகரித்து நகருக்கு விநியோகித்தார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் அந்தப் பள்ளங்களை நீர்த்தேக்கமாகக் கருதி வெட்டவில்லை. பக்கத்தில் பெய்த மழை, பக்கத்தில் தேங்கி, இக்கட்டில் கை கொடுத்தது. ரயில் வந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. குவாரியை எத்தனை பேருக்குத் தெரியும்?

*

இப்போது ‘தேவை’ என்ற எண்ணுக்கு வருகிறேன். நீர்த் திட்டங்களின் ஆணிவேர் இது. எதிர்கால மக்கள்தொகையை ஒரு பக்கம் எழுதுகிறார்கள். தலைக்கு 135 அல்லது 150 லிட்டர் என்ற வரையறையை இன்னொரு பக்கம். பெருக்குகிறார்கள். தொழிலுக்கு, கசிவுக்கு என்று கொஞ்சம் கூட்டுகிறார்கள். வருகிற எண் ‘2035-இல் தேவை’, ‘2050-இல் தேவை’ என்று அட்டவணையில் ஏறிவிடுகிறது. இருப்பைக் கழித்தால் ‘பற்றாக்குறை’. அந்தப் பற்றாக்குறையின் அளவுக்கு ஒரு குழாய், ஓர் ஆலை. பெருக்கலில் பிழை இருக்காது. ஆனால் நாம் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் தேவை இவ்வளவுதான் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. சூரியன் உதிப்பதைப் போல அதுவும் நடந்தே தீருமாம்!

அளக்கவே அளக்காத ஓர் ஊரில் தேவையை எப்படி முன்கூட்டிச் சொல்கிறீர்கள் என்பது என் முதல் கேள்வி. சென்னை வீடுகளின் குடிநீர் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம். சொத்தின் மதிப்பைப் பொறுத்து வரி. தோட்டத்துக்கு நாள் முழுக்கக் குழாய் திறந்துவிடுகிறவரும், வாளியில் பிடித்துக் குளிக்கிறவரும் தண்ணீர்க் கட்டணத்தில் ஒன்று. அதற்கும் மேலாக, நகரம் குடிப்பதில் கணிசமான பங்கு குழாயில் வருவதே இல்லை. ஒவ்வொரு அடுக்குமாடியின் காலடியிலும் போர் இருக்கிறது. போர் வறண்டால் தனியார் லாரி. அந்த லாரி புறநகர்க் கிராமத்தின் கிணற்றிலிருந்து எத்தனை நடை எடுத்தது என்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்? சென்னைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் 1987-இலேயே நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டாயிற்று. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிலத்துக்கு மேலே ஓடுவதில் பாதியையும் நிலத்துக்கு அடியில் உறிஞ்சுவதில் முழுவதையும் அளக்காமல் விட்டுவிட்டு, முப்பது ஆண்டு கழித்துத் தேவை இத்தனை கோடி லிட்டர் என்று எழுதுகிற துணிச்சல் எனக்குப் புரியவில்லை.

இங்கே எதிர்க்கேள்வி ஒன்று வரும், வர வேண்டும். ‘தேவையைக் குறைக்கச் சொல்கிறீர்களே, ஏற்கெனவே நான்கு குடத்தில் நாளை ஓட்டுகிறவரிடம் போய் எதைக் குறைக்கச் சொல்வீர்கள்?’ அவரிடம் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. தெருவில் அடிபம்பையும் லாரியையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த 135 லிட்டர் ஒருநாளும் கிடைத்ததில்லை. அவருடைய பங்கைக் கூட்ட வேண்டும். சராசரி போட்டுப் பெருக்கும் கணக்குதான் அவரை மறைக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பெரிய திட்டம் வருகிறது. வந்த தண்ணீர் பெரிய சம்ப் இருக்கும் வீட்டில் நிறைகிறது. அளந்தால்தான் இது வெளியே தெரியும். மீட்டர் என்றவுடன் ஏழைக்கு எதிரானது என்று அஞ்சுகிறோம். வாழ்வதற்கு வேண்டிய அளவை விலையில்லாமல் கொடுத்துவிட்டு, அதற்குமேல் புழங்குகிறவரிடம் புழங்கிய அளவுக்கு வாங்குவதில் ஏழைக்கு என்ன கேடு?

*

மழை போதாது என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 2011-இல் விரிந்த மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பின் மேல் மட்டும் ஓராண்டில் விழுவது ஏறத்தாழ 21 டிஎம்சி. கிருஷ்ணாவில் வாக்களித்து வராமல் போன 12 டிஎம்சியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வீதம் நகருக்குக் கொடுத்தால் ஆண்டுக்குச் செலவாவது சுமார் 13 டிஎம்சி.

விழுவதையெல்லாம் பிடிக்க முடியாது. ஒரு பகுதி ஆவியாகும். பெருமழையில் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கான்கிரீட் பூசிய தெரு எதையும் உள்ளே விடாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி பிடிக்க முடியாது என்பதற்கும் மழையே போதாது என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு. சென்னைக்கு மழை குறைவில்லை. மழையை வைத்துக்கொள்ள இடத்தைக் குறைத்துக்கொண்டோம்.

2015 டிசம்பர் முதல் நாளை நினைத்துப்பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது 2.5 டிஎம்சி, நகரத்துக்கு எழுபது நாள் குடிநீர். அது வீடுகளுக்குள் புகுந்து, மனிதர்களை அடித்துக்கொண்டு, கடலுக்குப் போனது. மூன்றரை ஆண்டில் அதே செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்தது. வெள்ளத்துக்கு ஒரு துறை, குடிநீருக்கு ஒரு வாரியம், நிலப் பயன்பாட்டுக்கு ஒரு குழுமம் என்று பிரித்துவைத்திருப்பதால் இவை இரண்டு வேறு பேரிடர்களாக நமக்குத் தெரிகின்றன. 2015-இன் தண்ணீருக்குத் தங்க இடம் இருந்திருந்தால் 2019-க்கு அதில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020-இல் சேர்ந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை எல்லாம் நிரம்பினாலும் 11,757 மில்லியன் கனஅடிதான். 12 டிஎம்சிக்கும் குறைவு. ஓராண்டுத் தண்ணீர்கூட முழுதாக இல்லை. அதிலும் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் பொய்த்தால் தாக்குப்பிடிக்கலாம், இரண்டு பொய்த்தால் முடியாது. ஆகவே நீண்ட காலத் திட்டத்தின் உண்மையான கேள்வி ‘சராசரி ஆண்டில் எவ்வளவு பற்றாக்குறை’ என்பதே அல்ல. நல்ல ஆண்டின் மிச்சத்தை அடுத்தடுத்த இரண்டு கெட்ட ஆண்டுகளுக்கு எங்கே வைப்பது என்பதுதான். இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடை ஏரி. ஒரு பெரிய ஏரி இல்லை; ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்கு வரத்தாகும் ஏரிச் சங்கிலி. செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏரி மேலே தேக்கும், அடியில் ஊறவிடும். ஊறியது ஆவியாகாது.

அந்தச் சங்கிலியை நாம் என்ன செய்தோம்? 1920-களில் மாம்பலம் நீள்ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. விடுதலைக்குப் பிறகு அரசே ஏரிகளுக்குள் வீட்டுமனை போட்டது. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே குடியிருப்பு இருக்கிறது. வேளச்சேரி ஏரி சுருங்கிக் குட்டையானது. 1960-களில் சுமார் 5,000 எக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை மேடும் சாலைகளும் கட்டடங்களும் போக மிஞ்சியது சிறு பகுதி. அந்த மிச்சத்துக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தபோது மகிழ்ந்தேன். அதற்குள் எத்தனை காலம் கடந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆக்கிரமிப்பாளர் என்று கூவம் கரைக் குடிசைக்காரரைக் காட்டி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினோம். ஏரியை மனையாக்கிய அரசாணைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிலத்தடியின் கதை இன்னும் வலிக்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நல்ல நீர் இருப்பது 1960-களின் ஆய்வுகளில் உறுதியானது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுத் தொகுப்புகள் அமைத்து நகருக்கும் மணலி ஆலைகளுக்கும் இறைத்தார்கள். மணலும் கூழாங்கல்லுமான அந்தப் படுகை நம் வட்டாரம் பெற்ற மிகச் சிறந்த நீர்த்தேக்கம். ஊறுவதைவிட அதிகம் இறைத்தோம். கடல் உள்ளே வந்தது. 1969-இல் மீஞ்சூர்ப் பக்கம் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-இல் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியம்மா கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டி, ‘கரிக்குது தம்பி, மாடுகூட வாய் வைக்க மாட்டேங்குது’ என்றார். சென்னையின் ‘தேவை’ அட்டவணையில் அந்தக் கிணறு எந்தப் பத்தியிலும் இல்லை. ஒரு நகரத்தின் எல்லைக்குள் போடும் திட்டம் இப்படித்தான் இருக்கும். எல்லைக்கு வெளியே எடுப்பது வரவு. வெளியே ஏற்படும் இழப்பை எழுதப் பக்கமே இருக்காது.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். அடுத்தடுத்த மழைகளில் நகரத்தின் கிணறுகள் ஏறின. தமிழகம் செய்த மிக நல்ல நீர்க் காரியங்களில் அது ஒன்று என்று இன்றும் சொல்வேன். அதன்பின் குழியில் மண் அடைத்தது, குழாய் உடைந்தது, பார்க்க ஆள் வரவில்லை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டும்படியான பெரிய கட்டடம் அதில் எதுவும் இல்லை. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் கடற்கரை மணல்மேடு, மழையை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சு. அதன் மேல் இன்று என்னென்ன எழும்பி நிற்கின்றன என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்.

*

கடல் வற்றாதே, பிறகென்ன என்பவர்களுக்கு வருகிறேன். இன்றைய பொதுக்கருத்தின் கடைசிக் கோட்டை இது. காட்டுப்பள்ளியில் 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2013-இல் 10 கோடி, 2024-இல் இன்னொரு 15 கோடி. இப்போது பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. 2019-இல் அந்த ஆலைகள் மட்டும் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இதை மறுக்க மாட்டேன். கடல்நீர் ஆலை ஒரு காப்பீடு. காப்பீட்டை அன்றாடச் சாப்பாடாக்கக் கூடாது என்பதே என் வாதம்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதை ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ள, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். பேரூர் ஆலை முழு அளவில் ஓடினால் நாளுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட். மின்சாரம் விலை ஏறும்போதெல்லாம் தண்ணீரும் ஏறும். எஞ்சும் அடர் உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. நெம்மேலியை ஒட்டிய சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் கரை அரிப்பையும் வலையில் குறைந்த மீனையும் பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலை கட்டிவிட்டால் மழை பெய்தாலும் அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கு அந்த அனுபவம் உண்டு. நெடிய வறட்சியின் அச்சத்தில் 2007-இல் முடிவெடுத்து, வான்தாகியில் ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஆலை கட்டினார்கள். 2012-இன் இறுதியில் அது முடிவதற்குள் மழை பெய்து அணைகள் நிரம்பிவிட்டன. 2016 வரை அந்த ஆலையிடம் ஒரு சொட்டுகூடக் கேட்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பணம் கட்டினார்கள். சிட்னியின் ஆலை 2010-இல் திறந்து 2012-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 வறட்சியில் மீண்டும் ஓடியது. அதே மெல்போர்ன் மக்கள், ஆலை வருவதற்கு முன்பே, தலைக்கு 155 லிட்டர் என்ற இலக்கை ஏற்றுப் பயன்பாட்டைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். அவர்களால் அது முடிந்தது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் இருந்தது.

கடலுக்குப் போகுமுன் நம் வீட்டுச் சாக்கடையைப் பாருங்கள் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். குடிநீராகக் கொடுப்பதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. 100 கோடி லிட்டர் கொடுத்தால் 80 கோடி. மழை பொய்த்தாலும் இது வரும்; காவிரி காய்ந்தாலும் வரும். இதில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் மிகச் சிறு பங்கு. ஆகவே மின்சாரமும் குறைவு. இது புதுமையும் இல்லை. மணலியில் பெட்ரோலிய ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. நமீபியாவின் விண்ட்ஹோக் 1968 முதல் அதைக் குடித்தே வருகிறது. சிங்கப்பூர் 2003 முதல். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் ஆலைகளுக்காக இரண்டு நிலையங்கள் தொடங்கினார்கள், தலா 4.5 கோடி லிட்டர். இரண்டும் சேர்ந்து 9 கோடி. பேரூரில் மட்டும் 40 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் திட்டங்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். நன்றாகச் சுத்திகரித்த நீரைப் போரூர், பெருங்குடி போன்ற ஏரிகளில் விட்டு, மண்ணில் ஊறவிட்டு, மீண்டும் எடுக்கலாம். அதற்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல.

‘இதெல்லாம் சின்னச் சின்ன வேலை; ஒரு கோடி பேருக்குப் போதுமா?’ என்று கேட்பார்கள். இருபது ஆண்டு காத்திருந்து, சொன்ன அளவு வராத பெரிய வேலையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். ஏரியைத் தூர்வாருவது, வரத்துக்கால்வாயைத் திறப்பது, கசியும் குழாயை மாற்றுவது, சாக்கடையைச் சுத்திகரிப்பது, மீட்டர் போடுவது, கிணற்றுத் தொகுப்புகள் இருக்கும் ஆற்றுப்படுகையில் தடுப்பணை கட்டி ஊறவைப்பது. எதுவும் தனியாகப் போதாது. ஒன்று தவறினால் இன்னொன்று தாங்கும். ஒற்றைக் குழாயை நம்பியவர்களுக்கு அந்தத் தாங்கல் கிடையாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பகுதிகளோடு அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்துவிட்டது. 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவற்றில் இவ்வளவு பெரிய பகுதி தம் ஏரிகளோடு ஒரே திட்டத்துக்குள் வருவது இதுவே முதல்முறை. ஆற்றுப்படுகையை அலகாகக் கொண்டு, இங்கே எவ்வளவு தங்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ப எங்கே வீடு, எங்கே ஆலை என்று முடிவெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பழைய பேச்சே தொடர்ந்தால், அந்த 4,700 சதுர கிலோமீட்டர் புதிய நிலமும் இன்னொரு வேளச்சேரியாகும். தண்ணீருக்கு இன்னும் தூரம் போவோம்.

அந்த எல்லைக்குள் கரையும் மதகும் கலங்கலும் கெடாமல் இருக்கும் ஏரிகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. உங்கள் ஊர் ஏரி அவற்றில் ஒன்றாக இருக்கலாம். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது அதன் சர்வே எண்ணையும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயின் சர்வே எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். திட்ட வரைபடத்தை விரிக்கச் சொல்லி, அந்த இரண்டு எண்களுக்கும் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.